ஆள் இருக்கு

"ஆள் இருக்கா சார்?" என்று கேட்டவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தோளில் ஒரு குழந்தை, கழுத்தில் இங்கே எல்லோரும் மாட்டிக்கொண்டு திரிகிற அட்டை, தென்னை மரங்கள் அச்சடித்த அரைக்கால் சட்டை. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. "இருக்கு" என்றேன். அவன் பக்கத்துச் சாய்வு நாற்காலியைப் பார்த்தான், அதன்மேல் விரித்திருந்த நீலத் துண்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடித்தவனை, அடித்துப் பிடித்து ஏறி வந்தும் நிற்கிறவன் பார்க்கிற பார்வை அது. துண்டுக்கு உயிர் உண்டா, துண்டு டிக்கெட் எடுக்குமா என்று கேட்கிற பார்வை. நடுக்கடலுக்கு வந்தும் நாங்கள் துண்டை விடவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து வந்து, நீச்சல் குளத்தைச் சுற்றிக் கிடக்கிற நாற்காலிகளுக்கெல்லாம் கப்பல்காரன் கொடுத்த நீலத் துண்டைப் போட்டுவிட்டு, மறுபடி அறைக்குப் போய்த் தூங்குகிறார்கள். ஆளில்லாத நாற்காலிகள் வெயிலில் வரிசையாகப் படுத்துக் காய்கின்றன. இப்படிச் செய்ய வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேனொழுக இரண்டு மொழியில் சொல்கிறது, சொல்லி முடித்ததும் இன்னும் நாலு துண்டு விழுகிறது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியதில், எதைப் பார்த்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு எண் தானாக விழுந்துவிடுகிறது. தென்னை மரச் சட்டைக்குப் பத்துக்கு இரண்டு. துண்டு போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்குப் பூஜ்யம். ஆனால் என் பக்கத்தில் கிடக்கிற துண்டு அப்படிப்பட்டதல்ல. இதற்கு ஆள் உண்டு. இதில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், கொஞ்ச நேரம் முன்பு எழுந்து போனாள், வருவாள். வருவாளா என்று யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். குழந்தைக்காரன் நகர்ந்து போய் அடுத்த நாற்காலியில் அதே கேள்வியைக் கேட்டான்.

"நீங்க இருங்க. நான் போறேன்." இதுதான் அவள் சொன்னது. நன்றாகக் காதில் விழுந்தது. அப்போது குளத்தருகே சினிமாப் பாட்டைப் போட்டு ஒரு கூட்டம் கையையும் காலையும் உதறிக்கொண்டிருந்தது. வாலிபப் பயிற்சியாளன் ஒருவன் முன்னால் நின்று குதிக்க, அவனைப் பார்த்து நாற்பதும் ஐம்பதும் கடந்த வயிறுகள் ஒரு தாளம் தாமதமாகக் குதித்தன. நான் அதைப் பார்த்து, அலை பின்தங்குவதைப் பாடம் நடத்த நல்ல உதாரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள், கைப்பையை எடுத்தாள், சொன்னாள், போனாள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தச் சொல் காதுக்குள் திரும்பி வந்தது. போறேன். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. இதோ வந்துடறேன் இல்லை. போறேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் இதில் என்ன இருக்கிறது, பேச்சில் ஒரு சொல் குறையும், அவ்வளவுதான். ஆனால் மங்கையர்க்கரசி அப்படிச் சொல்கிறவள் அல்ல. சிலிண்டர் போட வருகிற பையன் "போறேன்க்கா" என்று சொன்னால் அவனை வாசலில் நிறுத்தி, "வரேன்னு சொல்லிட்டுப் போ" என்று திருத்தி அனுப்புகிறவள். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்ப வேண்டும், மற்ற எங்கிருந்து கிளம்பினாலும் வரேன் என்று சொல்ல வேண்டும் என்பது அவளுடைய சட்டம். மகள் புனேவுக்குக் குடிபோன அன்று ரயில் நகர்கிறது, இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடி, "வரேன்னு சொல்லுடி, சொல்லுடி" என்று அந்தப் பெண் சொல்கிற வரை விடவில்லை. நான் அன்று அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். மூடநம்பிக்கை, ஒரு வினைச்சொல் ரயிலைத் திருப்பிக் கொண்டுவருமா என்றேன். இப்போது அந்த வினைச்சொல்லுக்காகத்தான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துண்டை விட்டுப் போயிருக்கிறாள், ஆகவே வருவாள். ஆனால் துண்டு கப்பலுடையது. கைப்பை அவளுடையது, அதை எடுத்துப் போயிருக்கிறாள், ஆகவே. ஆகவே என்ன? மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது, தரவு போதாதபோது முடிவுக்குத் தாவாதே. அப்புறம் அந்த முதல் பாதி. நீங்க இருங்க. இங்கே உட்கார்ந்திருங்கள் என்பதா, எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருந்துகொள்ளுங்கள் என்பதா? போன மாதம் மகள் போனில், "அம்மா இங்க வந்து இருக்கட்டும்பா" என்றாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, "போயிட்டு வரட்டும்" என்றேன். அரசி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம்" என்றாள். அந்தப் பார்க்கலாமுக்கு இன்று காலை பதில் சொல்லிவிட்டாளோ? நான் குதிக்கிற வயிறுகளைப் பார்த்துக்கொண்டு "ம்" என்று சம்மதமும் கொடுத்துவிட்டேனோ?

இந்தக் கப்பலில் கருத்து இல்லாத ஆளே கிடையாது. கடலைப் பார்க்கிறவர்களைவிடக் கடலைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்கள் அதிகம். அலை போதவில்லை. அலை அதிகம். சாம்பார் இனிக்கிறது, மோரில் உப்பில்லை, லிஃப்ட் வருவதற்குள் பசி போய்விடுகிறது, திருகோணமலையில் இறக்கிவிட்டுக் கோயிலைக் கண்ணில் காட்டி ஓட ஓட ஏற்றிவிட்டான், நெட்டுக்குத் தனிக் காசு, தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு, கட்டிலில் துண்டை மடித்து யானை செய்து வைக்கிறானே தவிர, கேட்ட இன்னொரு தலையணை வரவில்லை. லிஃப்டில் ஒரு அம்மாள், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாந்தி வராமலிருக்க ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி, கண்ணாடிச் சுவரும் பித்தளைக் கம்பியுமாக மின்னுகிற அந்தப் பெட்டிக்குள், "இன்னாடா கக்கூஸ் அது, தண்ணி ஊத்துனா சிங்கம் மாரி கத்துது, ஒக்காந்தவள இஸ்துக்கினு பூடும் போலக்குது" என்று எல்லோருக்குமாக அறிவித்தாள். அரசி சிரித்துவிட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு ஒன்று போட்டேன், அதுவும் உறிஞ்சு விசையைச் சரியாக விவரித்ததற்காக. சாப்பாட்டு மேஜையில் எங்களோடு உட்காருகிறவர் ஈரோட்டுப் பொங்கியண்ணன், சொட்டுநீர்க் குழாய் வியாபாரம். அவர் மனைவி சரசாத்தாள் கொண்டுவந்த குட்டி மின்சாரக் குக்கரை ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம், அதை ஜப்தி என்றுதான் அவர் சொல்கிறார். "ஏனுங்க வாத்தியாரய்யா, சுத்தியும் தண்ணிங்க, உள்ள போனா காயிதங்க. நல்லவேளை ஊட்லருந்து ஒரு மக்கு எடுத்தாந்தேன்" என்று நேற்று ராத்திரி சாப்பாட்டின் நடுவே சொல்லிக் கடகடவென்று சிரித்தார். அவருக்குச் சோற்றில் கை வைத்துக்கொண்டு இதைச் சொல்வதில் ஒரு தடையும் இல்லை. பரிமாறுகிற பையன் பிலிப்பைன்ஸ்காரன். கழுத்து அட்டையில் அரசியின் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, அவன் அந்தப் பாதியையும் தன் இஷ்டத்துக்கு வாசித்து, "மாங்கா மேடம், மோர் ரைஸ்?" என்கிறான். மேஜை முழுக்கச் சிரிக்கும், அவளும் சிரிப்பாள், நானும். நேற்று ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி முடித்ததும் சரசாத்தாள் இவளைப் பார்த்து, "அக்கா, நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே" என்றாள். "எனக்கு எல்லாமே புடிச்சிருக்கு" என்றாள் அரசி. யாரும் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்தேன். "இவளுக்குப் புடிக்காததுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. ஆஸ்பத்திரி கேன்டீன்ல இட்லி சாப்பிட்டுட்டு, எப்படிச் செய்றீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தவ." பொங்கியண்ணனுக்குப் புரையேறிவிட்டது. அரசி அவரை நோக்கித் தண்ணீரை நகர்த்திவிட்டு, "ஆமா, இல்லேன்னா இத்தனை வருஷம் எப்படி?" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நல்ல பதில், என் கூடவே இருந்து கற்றுக்கொண்டது என்று உள்ளுக்குள் ஏழு போட்டேன். பத்துக்கு ஏழு. இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன், அதில் நகைச்சுவை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன் நான். இட்லி சாப்பிட அவள் கீழே இறங்கியது, என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு.

ஒருவேளை எனக்குத்தான் எதுவும் பிடிக்காதோ? இந்தக் கேள்வி புதிதல்ல, அவ்வப்போது வரும், வந்ததும் யாராவது ஒருவன் கண்ணில் பட்டு எதையாவது அசிங்கமாகச் செய்வான், கேள்வி போய்விடும். இப்போதும் ஒருவன் உதவிக்கு வந்தான். தட்டு நிறைய ஐந்து விதக் கேக்குகளை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் ஒரு கடி கடித்து, கடலோடு சேர்த்துப் படமெடுத்துவிட்டு, தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். பூஜ்யம். ஆனால் இந்த முறை கேள்வி போகவில்லை. அலைநோய் பிடித்தவனுக்குக் கப்பலில் எல்லாமே குமட்டும். சாம்பார், சென்ட் வாசனை, பாட்டு, பக்கத்திலிருப்பவன் முழங்கை. கோளாறு சாம்பாரில் இல்லை, காதுக்குள்ளே சமநிலை பார்க்கிற திரவத்தில் இருக்கிறது. கரையிலேயே காலமெல்லாம் அப்படி ஒருவன் இருந்தால்? இதை அரசியிடம் சொன்னால் என்ன சொல்வாள்? "எலுமிச்சம்பழம் வாங்கித் தரவா?" என்பாள். அப்படித்தான் சொல்வாள். சொல்ல அவள் இங்கே இல்லை. பாட்டு நின்றிருந்தது, குதித்தவர்கள் வியர்வையோடு கலைந்து குளத்துக்குள் விழுந்தார்கள், நிழல் என் காலை விட்டு நகர்ந்து வெயில் கணுக்காலைத் தொட்டது. எழுந்து போய்த் தேடலாம். எழுந்தால் நாற்காலி போய்விடும், அவள் வந்து நிற்பாள், எங்கே போனீங்க, இடத்தைப் பார்த்துக்கச் சொன்னேனே என்பாள். சொல்லவில்லை. பார்த்துக்கச் சொல்லவில்லை. இருங்க என்றுதான் சொன்னாள்.

"வாத்தியாரய்யா தனியா உக்காந்துட்டீங்க?" பொங்கியண்ணன். ஈரத் தலை, வெறும் மார்பு, தங்கச் சங்கிலி, கையில் இளநீர் என்று சொல்லி விற்கிற ஏதோ ஒன்று. துண்டு போட்ட நாற்காலியின் ஓரத்தில் உட்காரப் போனவர், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "ஆள் வருதுங்களா?" "வராங்க" என்றேன். "அக்காவுங்களா? எங்க போயிருக்கறாங்க?" எவ்வளவு சாதாரணமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் எங்கே என்று யாராவது கேட்டு எனக்குத் தெரியாமல் போனதில்லை, சமையலறை என்றோ கோயில் என்றோ தங்கை வீடு என்றோ சொல்லிவிடலாம், சொன்ன இடத்தில் அவள் இருப்பாள். "இங்கதான்" என்றேன். "அப்ப சரிங்க. கப்பல்ல எங்க போயிரப் போறாங்க, சுத்தியும் தண்ணி" என்று அதே நகைச்சுவையை இன்னொரு முறை விற்றுவிட்டு, செருப்புச் சத்தத்தோடு அவர் போய்விட்டார். சுத்தியும் தண்ணி. நான் இந்தக் கப்பலில் ஏறியதிலிருந்து பார்க்காமல் தவிர்த்துவந்த ஒன்றை அந்த ஆள் என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். விளிம்புக் கைப்பிடி. ஏறிய அன்றே கண்ணால் அளந்துவிட்டேன், பழக்கம். என் நெஞ்சளவு, அரசிக்குக் கழுத்துக்குச் சற்றுக் கீழே. ஈர்ப்பு மையம் கைப்பிடிக்குக் கீழேதான் விழும், ஆகவே தவறி விழ வாய்ப்பில்லை. தவறி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினால் மையம் மேலே போய்விடும். சுற்றிலும் பார்த்தேன், எத்தனை நாற்காலி, இழுத்தால் நகர்கிற நாற்காலி, துண்டு போட்டுக் காலியாகக் கிடக்கிற நாற்காலி. என்ன நினைப்பு இது? இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள், நைட்டி அம்மாள் சொன்ன கக்கூஸ் ஜோக்குக்குச் சிரித்தவள், துண்டு யானைக்குப் பெயர் வைத்தவள். எல்லாமே பிடித்திருக்கிறது என்று சொன்னவள். எல்லாமே பிடித்திருக்கிறது என்று யார் சொல்வார்கள்? இன்னும் இருக்கப் போகிறவன் குறை சொல்வான், சாம்பாரில் உப்புக் கேட்பான், தலையணை கேட்பான். கிளம்புகிறவர்கள்தான் எல்லாம் நன்றாக இருந்தது என்பார்கள். விருந்தாளி கிளம்பும்போது சொல்வது அது. ஒலிபெருக்கி கரகரத்தது, யாரோ கடலில் விழுந்த செய்தியோ என்று நாற்காலி நுனிக்கு வந்தேன், தேன் குரல் வந்து மதியம் தம்போலா ஆட்டம் இருக்கிறது, அனைவரும் திரண்டு வரவும் என்றது. அந்தக் குரலுக்கு இதுவரை யாருக்கும் போடாத பத்துக்குப் பத்தைப் போட்டேன்.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் ஒன்று கேட்டாள். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்த அறை கேட்டாள், கடலைப் பார்க்க வெளியே வந்தால் போதாதா, தூங்கும்போது எதற்குக் கடல் என்று நான்தான் உள்ளறை எடுத்தேன். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். அந்த இருட்டில் குரல் மட்டும் வந்தது. "நாளைக்கு முன்னாடிப் பக்கம் போய் உக்காரலாமா? கப்பல் தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போறது தெரியுமாம். நாற்காலி கொஞ்சந்தான் இருக்காம், சீக்கிரம் போகணுமாம்." "அங்க ஒரே காத்து. குளத்தாண்டயே உக்காரலாம்" என்றேன். "சரி" என்றாள். சண்டை போட்டிருக்கலாம். ஒரு தடவை, எங்களுக்குக் கல்யாணமான புதிது, தீபாவளிக்கு முந்தின நாள், வேலூர் பேருந்து நிலையத்தில் சனக்காடு. எனக்கு முண்டியடித்து ஏறுகிற பழக்கம் கிடையாது, கௌரவக் குறைச்சல். டீக்கடையோரம் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லாதவன்போல் நின்றேன். வண்டி நிற்பதற்குள் இவள் ஓடினாள். ஜன்னல் வழியே கைப்பையை எறிந்து, பின்னாலேயே ஏறி, இருவர் சீட்டில் தான் பாதியும் பை பாதியுமாக உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொருத்தனாக வந்து கேட்கிறான். ஒருவன் குடித்திருந்தான், பையைத் தூக்கப் போனான். வெளியே நின்ற எனக்கு அவள் குரல் கேட்டது. என் வீட்டில் அதற்கு முன்பும் பிறகும் கேட்காத குரல். "கைய எடுய்யா. ஆள் இருக்கு. வராரு." கண்டக்டர் விசிலடித்த பிறகு நான் நிதானமாக மடித்த தாளோடு ஏறினேன். எல்லோரும் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக, ஒரு ராஜ்ஜியத்தை ஜெயித்தவள்போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் என்ன சொன்னேன்? "இப்படியா கத்துறது" என்றேன் என்று நினைக்கிறேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்வது என் இயல்புதான், அதனால் சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம்.

"தாத்தா, இங்க யாராச்சும் வராங்களா?" இந்த முறை கேட்டது பள்ளிக்கூட வயதுப் பெண், ஈரச் சடையோடு. தாத்தா என்றதற்கு வழக்கமாக வருகிற எரிச்சல் வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். அந்தச் சொல்லை வெளியே சொன்னதும் கால் தானாக எழுந்தது. ஒரு கணம் தயங்கினேன், இரண்டு துண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இடம் இருக்கும், காலையிலிருந்து நான் பூஜ்யம் போட்ட அத்தனை பேரும் அதைத்தான் செய்கிறார்கள். வராமலிருக்க நினைத்து யாரும் துண்டு போடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் துண்டை விட்டேன், அவளுடையதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டேன். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தால் இரண்டு நாற்காலியிலும் ஆள். என் துண்டால் தென்னை மரச் சட்டைக்காரன் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதலில் அறைக்குப் போனேன். லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கினேன், ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரிக் கம்பளம், இரண்டு முறை தவறான தளத்தில் அட்டையைத் தேய்த்துச் சிவப்பு விளக்கு வாங்கினேன். மூன்றாவது கதவு பச்சை காட்டித் திறந்தது. இருட்டு. "அரசி" என்றேன், இருட்டுக்குள். விளக்கைப் போட்டேன். கட்டிலில் இன்றைக்கும் துண்டு யானை, அதன் மூக்கின்மேல் யாரோ என் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார்கள். யாரோ என்ன, அவள்தான். கண்ணாடி வழியே அந்த யானை, வருகிறவனுக்கெல்லாம் மதிப்பெண் போடத் தயாராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய பெட்டி சுவரோரம் மூடியிருந்தது. நாளைதான் இறங்குகிறோம், அதற்குள் பூட்டியும் வைத்திருந்தாள். எல்லோரும்தான் முந்தின நாளே பெட்டியைக் கட்டுகிறார்கள், நடைமுறை அது. என் துணிகள் கட்டப்படாமல் அலமாரியில் தொங்கின. எப்போதும் இரண்டையும் அவள்தான் கட்டுவாள். கதவைச் சாத்தாமல் ஓடினேன். எங்கே போக வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. காலையிலிருந்தே தெரியும், அங்கே காற்று.

முன்தளத்துக் கதவைத் தள்ளத் தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது, காற்று அந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் கண்ணில் தண்ணீர். பத்துப் பதினைந்து வெள்ளை நாற்காலிகள்தான், எல்லாம் கப்பலின் மூக்கைப் பார்த்தபடி. நடுவே, பின்னலிலிருந்து பிரிந்து பறக்கிற நரைமுடி. உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியருகே இல்லை, நாற்காலியில், சாதாரணமாக, காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவோரத் தூணைப் பிடித்துக்கொண்டேன், அடுத்த நொடியே கோபம் வந்தது, இதற்குத்தானா, இதைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன. அப்போதுதான் பார்த்தேன், அவள் பக்கத்து நாற்காலி காலி. காலி இல்லை. அதன்மேல் அவளுடைய கைப்பை இருந்தது. நடுவில் வைத்து, வாரை நாற்காலிக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி, யாரும் நகர்த்த முடியாதபடி. சுற்றிலும் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள், இத்தனை நேரமும் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. நான் போயிருக்க வேண்டும், ஏழெட்டு அடிதான். ஆனால் போய் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். காத்துன்னு சொன்னேனே பாரு என்பதா, பெட்டியை ஏன் பூட்டினே என்பதா. நின்ற அந்த நேரத்தில் எனக்கு முன்னால் ஒரு நைட்டி நகர்ந்தது, தோளில் துண்டு, கையில் எலுமிச்சம்பழம். லிஃப்டில் வந்த அம்மாள். காற்றில் தள்ளாடிக்கொண்டே போய் அரசியின் பக்கத்தில் நின்றாள். "இங்க ஆளு கீறாங்களாம்மா? தல சுத்துது, செத்த குந்திக்கட்டா?" அரசி பையைப் பார்த்தாள். "இருக்காரு" என்றாள். காற்று அவள் பக்கமிருந்து வீசியதால் தெளிவாகக் கேட்டது. அவள் பையின் வாரை மெதுவாக, ஒரு சுற்றுப் பிரித்தாள். "வரமாட்டாரு. நீங்க உக்காருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மின்சாரம் வராது என்பதுபோல, தகவலாகச் சொன்னாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள், "நல்லாருப்பே தாயி" என்று சொல்லி, முனகலோடு உடம்பை நாற்காலிக்குள் இறக்கி, பழத்தை ஒரு முறை ஆழமாக மோந்துவிட்டு, காற்றில் முகத்தில் அடித்த துண்டை ஒதுக்கத் தலையைத் திருப்பினாள். திருப்பியவள் கண்ணில் நான் பட்டேன். தூணைப் பிடித்துக்கொண்டு, கையில் நீலத் துண்டோடு, வெயிலில் வெந்த முகத்தோடு நிற்கிற ஓர் ஆள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு எத்தனை போட்டாளோ. "இன்னா சார், துண்ட வெச்சிக்கினு நிக்கிறே? அந்த ஆளு நீதானா?" அரசி திரும்பினாள். சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, பறக்கிற முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று அவளும் கேட்கக் காத்திருப்பதுபோல. இந்தக் கப்பலில் ஏறியதிலிருந்து என்னை யார் யாரோ கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். "நான்தான்" என்றேன். குரல் காற்றில் போய்விட்டது, மறுபடி சொன்னேன், கொஞ்சம் சத்தமாக, கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம், நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான்தான். வந்துட்டேன்." சொல்லிவிட்டு ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தேன். அந்த அம்மாள், "அடடா, எந்திரிச்சிக்கிறேன்" என்று இரண்டு கைப்பிடியையும் ஊன்றி எழப் போனாள்.

"இருங்க" என்றாள் அரசி.

அந்த அம்மாள் பாதி எழுந்தபடி நின்றாள். எடுத்து வைத்த காலோடு நானும் நின்றேன்.